காத்து நில்லாத இணைப்பு

ஒருவன் வாய் திறக்காவிட்டால் ஊரே ஊமையாக வேண்டுமா? எங்கள் ஆய்வகத்தில் சென்ற குளிர்காலத்தில் அப்படித்தான் ஆயிற்று. குளிர்பெட்டிகளிலுள்ள 12 வெப்பமானிகள் வலையமைப்பின் வழியே ஒரு கணினிக்கு அளவுகளை அனுப்புகின்றன. ஓரிரவு அவற்றுள் ஒன்று இணைப்பைத் தொடங்கிவிட்டு, கைகுலுக்கலுக்கு முன்பே மௌனம் சாதித்தது. எங்களுக்கு முன் இருந்தோர் எழுதிய நிரலோ, அதன் சொல்லுக்காக வாசலிலேயே நின்றுவிட்டது. மற்றப் பதினொன்றும் கூவியதைக் கேட்பாரில்லை. பெட்டியொன்று சூடேறியதும் யாருக்கும் தெரியவில்லை. விடிந்தபோது, மேல்வகுப்பு அக்கா ஒருவர் மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த மாதிரிகள் பாழாகியிருந்தன. நிரலைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது.

மருந்து பழையதுதான். சாக்கெட்டுக்கு ‘ஓ_நான்பிளாக்’ என்னும் குறியை இட்டுவிட்டால், தரவு இல்லாதபோது அழைப்பு காத்திராமல் உடனே திரும்பிவிடும். யாரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது என்பதை, 1983-இல் 4.2 பி.எஸ்.டி. தந்த ‘செலக்ட்’ ஒருசேரச் சொல்லிவிடும்.

ஆனால் நடுவில் டி.எல்.எஸ். என்னும் மறையீடு வந்து அமர்ந்தால் கதையே வேறு. இங்கேதான் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். ஓபன்எஸ்எஸ்எல்லிடம் படிக்கக் கேட்டால், ‘முதலில் எழுத வேண்டும்’ என்று சொல்லக்கூடும். எழுதக் கேட்டால், ‘படிக்க வேண்டும்’ என்னும். விந்தைதான்! நாம் அறியாமல் உள்ளே தனிப் பேச்சு ஒன்று நடக்கிறதன்றோ? 2018-இல் வந்த 1.3 பதிப்பு இடைநடுவில் மீண்டும் பேரம் பேசுவதை ஒழித்தது. எனினும் திறவுகோலைப் புதுப்பிக்கும் செய்தி வந்தால் பதில் எழுத நேரும். ஆகவே, அழைப்பு வெறுங்கையோடு திரும்பியதும் பிழையென்று இணைப்பை வெட்டிவிடலாகாது. ‘வான்ட் ரீட்’டா, ‘வான்ட் ரைட்’டா என்று விசாரித்து, அதற்கேற்பச் செலக்டில் காத்திருந்து, அதே அழைப்பை மீண்டும் செய்ய வேண்டும். எழுதும்போது, தனியே தளர்த்தினாலன்றி, அதே தரவை அதே நினைவிடத்திலிருந்தே தர வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கும். மாமியார் நடத்தும் சமையலறைதான் நினைவுக்கு வந்தது! பேசாதவர்களுக்காக, கைகுலுக்கலுக்கு 10 விநாடி எல்லை வகுத்தேன். அதற்குள் முடியாத இணைப்பு மூடப்படும்.

அதன்பின்னும் சில அளவுகள் தாமதமாயே வந்தன. காரணம் பிடிபட நாளாயிற்று. மறையீட்டில் ஒரு பதிவு 16,384 பைட் வரை சுமக்கும். அதில் நாம் 100 பைட் கேட்டால், எஞ்சியது நூலகத்தின் மடியிலேயே தங்கிவிடும். செலக்ட் பார்ப்பதோ சாக்கெட்டை மட்டும். ‘ஒன்றுமில்லை’ என்று கைவிரிக்கும். ‘எஸ்எஸ்எல்_பெண்டிங்’கைக் கேட்டால்தான் மடியிலிருப்பது தெரியும். எங்கள் நிரல் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அதைக் கேட்கிறது; பிறகே செலக்ட்.