மகாலட்சுமித் திடல்

மும்பையில் மத்திய அரசு எழுத்தர்களாகப் பணிபுரியும் நாங்கள் நால்வரும் நாள்தோறும் ஒரே மின்சார ரயிலில் செல்பவர்கள். மகாலட்சுமி நிலையத்தை வண்டி நெருங்குகையில், மேற்குப் புறத்தே குதிரைப் பந்தயத் திடலின் பசும்பரப்பு விரியும். எங்களுள் ஒருவர் மட்டும் அப்பக்கம் திரும்பமாட்டார். அவருடைய தந்தையார் பரேலில் பஞ்சாலைத் தொழிலாளி. பந்தய நாள்களில், குறைந்த கட்டண மேடையில் நின்று சம்பளத்தைத் தொலைத்தவர். 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் அவரது ஆலை திறக்கவில்லை, பந்தயம் நிற்கவில்லை. அம்மையாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அத்திடலின் வரலாற்றை நாங்கள் தேடிப் படித்ததும் அவர் பொருட்டே. கடல்நீர் உட்புகுந்து சதுப்பாய்க் கிடந்த நிலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹார்ன்பி வெல்லார்டு அணை கட்டப்பட்ட பின்னரே தரையாயிற்று. பைகுல்லாவில் நடந்துவந்த பந்தயங்கள் 1883இல் இங்குக் குடிபெயர்ந்தன. 1943இல் நடந்த முதல் இந்திய டெர்பியில் பரோடா மன்னரின் 'பிரின்சஸ் பியூட்டிஃபுல்' என்னும் பெண்குதிரை வென்றது.

குதிரைகளைவிட எங்களைக் கவர்ந்தது கணக்குத்தான். எழுத்தர் புத்தி வேறெங்கே போகும்? 'டோட்' முறையில் கட்டப்படும் பணமெல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்படும். கழகத்தின் கழிவையும் அரசின் வரியையும் எடுத்த பிறகு, எஞ்சியதே வென்றவர்க்குப் பங்கிடப்படும். அதாவது, எக்குதிரை வென்றாலும் கட்டியவர் கூட்டம் மொத்தத்தில் இழந்தே தீரும். சென்னைப் பந்தயக் கழகம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதன்று என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிவப்புப் பென்சிலால் ரேஸ் புத்தகம் முழுதும் குறித்துவைத்த அந்தத் தந்தையாரும் அவ்வாறே நம்பினார்.

திடலின் குத்தகை 2013இல் முடிந்தது. நீண்ட இழுபறிக்குப் பின், 2024இல் 211 ஏக்கரில் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கென மாநகராட்சிக்கு வந்தது. 91 ஏக்கர் கழகத்திடம் நின்றது. செய்தியைக் காட்டியபோது நண்பர் முதன்முறையாக வாய்திறந்தார்.

“அந்த மேடை யார் பங்கிலே ஐயா?”

“கழகத்தின் பங்கிலேதான்” என்றோம்.

மறுவாரம் ஒரு விடியற்காலையில் எங்களுடன் அங்கு நடக்க வந்தார். ஆளில்லாத மேடையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், அலுவலகத்துக்கு நேரமாகிறதென்று எங்களுக்கு முன்னே நிலையத்தை நோக்கி நடந்தார்.