தேவாங்குக்கு டவுசர் மாட்டலாமா?

உங்க கிளாஸ்ல ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா ஒரு பையன் கண்டிப்பா இருப்பான். அவனுக்கு என்ன பட்டப்பேர்? கரெக்ட், 'தேவாங்கு'. எங்க கிளாஸ்ல அந்தப் பேருக்குச் சொந்தக்காரன் அடியேன்தான். ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல்ல ஒட்டுன பேரு, அரியர் மாதிரி இன்னும் கூடவே வருது.

போன மாசம் ரூம்ல 'ஜூட்டோபியா' படம் ஓடுச்சு. 2016-ல வந்த டிஸ்னி படம். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி ஒரு இடத்துல, ஒரே ஒரு வண்டி நம்பரைத் தேடிச் சொல்ல ஒரு யுகம் எடுத்துக்குவாரே 'ஃப்ளாஷ்', அவர் வந்ததும் மொத்த ரூமும் 'டேய், தேவாங்குடா!'ன்னு என் பக்கம் திரும்புச்சு. எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. தேடிப் பார்த்தா, ஃப்ளாஷ் தேவாங்கே இல்லை பாஸ்! அது ஸ்லாத். மத்திய, தென் அமெரிக்கக் காடுகள்ல தலைகீழாத் தொங்குற பிராணி. நிஜத் தேவாங்கு எங்கே இருக்கு தெரியுமா? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இருந்து முக்கால் மணி நேரத்துல!

என் பேருக்காரனை ஒரு தடவையாவது நேர்ல பார்த்துடணும்னு முடிவு பண்ணினேன். துணைக்கு ரூம்மேட் ஒருத்தன். கிளம்பிட்டோம்.

அய்யலூருக்கு ஒரு டிக்கெட்!

திண்டுக்கல்லுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. அந்த மூணையும் முதுகுக்குப் பின்னாடி விட்டுட்டு, திருச்சி ரோட்டுல வடமதுரை தாண்டினா அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். ஹைவேஸ்ல போற லாரிக்காரங்க வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுப் போற வண்டிக்கருப்பணசாமி கோயிலும் இங்கேதான்.

ஊரைத் தாண்டினதும் சீன் மாறுது. வேல மரம், முள்ளுப் புதர், கிளுவை வேலி போட்ட தோட்டங்கள், தூரத்துல கரடு. 'இதெல்லாம் ஒரு காடா?'ன்னு ரூம்மேட் உதட்டைப் பிதுக்கினான். அவனைச் சொல்லிக் குத்தமில்லை. காடுன்னா டி.வி.யில பார்த்த பச்சைப் பசேல்தான் நமக்கு. ஆனா 2022 அக்டோபர்ல, இந்தியாவுலேயே முதல் தேவாங்கு சரணாலயமா அரசு அறிவிச்சது இந்த முள்ளுக்காட்டைத்தான். கடவூர் தேவாங்கு சரணாலயம்னு பேரு. கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 11,806 ஹெக்டேர்.

அடுத்ததா, அய்யலூர்ப் பக்கம் தேவாங்குக்குன்னே ஒரு பாதுகாப்பு மையம் அமைக்கிறதாவும் அரசு அறிவிப்பு வந்திருக்கு. இந்தச் செய்தியை பஸ்ல படிச்சுக் காட்டினதும்தான் எங்களுக்குள்ள சண்டையே ஆரம்பிச்சது.

"செம மாப்ள! வாசல்ல கூலிங்கிளாஸ், டவுசரோட பெரிய தேவாங்கு பொம்மை, பக்கத்துல செல்ஃபி ஸ்பாட். உள்ளே ஒரு கார்ட்டூன் ஷோ. கூட்டம் அள்ளும்!" இது அவன்.

"ஏன்டா, நிஜ மிருகம் இருக்கிற இடத்துல எதுக்குடா பொம்மை? பார்க்குக்குப் பார்க் வாயைப் பிளந்துட்டு நிக்குதே பென்குயின் குப்பைத் தொட்டி, அது பத்தாதா?" இது நான்.

"லத்தீன் பேர் எழுதின போர்டை எந்தப் பொடியன் நின்னு படிப்பான்? நாமளே லேப் மேனுவலைப் படிக்கிறதில்லை." மறுபடி அவன்.

பாயின்ட்தான். நான் வாயை மூடிக்கிட்டேன்.

ஹைபீம் அடிக்காதீங்க தம்பி!

ஒண்ணு சொல்லிடறேன். சரணாலயக் காட்டுக்குள்ள நாங்க போகலை. அனுமதி இல்லாம உள்ளே நுழையறது சட்டப்படி தப்பு. தெரிஞ்சவர் மூலமா ஒரு பெரியவரோட தோட்டத்துல இருந்தோம். ராத்திரி எட்டரை மணிக்கு டார்ச்சோட கிளம்பினா, பெரியவர் தடுத்துட்டார்.

"தம்பி, வெள்ளை லைட்டை அது மூஞ்சில அடிக்கக் கூடாது. எதுத்தாப்புல வர்ற லாரிக்காரன் ஹைபீம் போட்டா நமக்கு எப்படி இருக்கும்? அதுக்கும் அப்படித்தான்" என்றவர், டார்ச் கண்ணாடி மேல சிவப்பு ஜிகினா பேப்பரைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார்.

வேலி ஓரமா நடந்தோம். அரை மணி நேரம் ஒண்ணுமில்லை. கொசு மட்டும் கடமையைச் செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு பெரியவர் தோளைத் தொட்டார். வேல மரக் கிளையில ரெண்டு நெருப்புப் பொட்டு! அசையலை. கொஞ்சம் உத்துப் பார்த்தா, கைக்குள்ள அடங்குற உடம்பு. வால் கிடையாது. குச்சி குச்சியாக் கையும் காலும். அடுத்த கிளையைப் பிடிச்ச பிறகுதான் இந்தக் கிளையை விடுது. அப்படியே ஒரு பூச்சியை நோக்கி மெதுவா, மெதுவாப் போய், கடைசி நொடியில கை சடார்னு நீண்டுச்சு. பூச்சி காலி!

எனக்குச் சிரிப்பு வரலை. உண்மையைச் சொல்லணும்னா, மூச்சே வரலை.

"முன்னெல்லாம் இது கண்ணுல பட்டாப் போற காரியம் வெளங்காதும்பாங்க. கண்ணு மருந்துக்கு, மாந்திரீகத்துக்குன்னு புடிச்சுட்டுப் போவாங்க. பாவம், எறும்பையும் கரையானையும் தின்னுட்டு, வெள்ளாமைக்கு நல்லதுதான் பண்ணுது" என்றார் பெரியவர்.

தேவாங்கு தாவாது. குரங்கு மாதிரி மரத்துக்கு மரம் ஜம்ப் பண்ணத் தெரியாது. கிளையும் கிளையும் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் அதுக்குப் பாதை. நடுவுல ஒரு மரத்தை வெட்டினா, ஒரு ரோடு போட்டா, தரையில இறங்கித்தான் போகணும். இறங்கினா நாய், வண்டின்னு ஏகப்பட்ட எமன். நாம பாலம் கட்டுறதுக்குப் படிக்கிறோம். அதுக்கு வேலியே பாலம்.

டிஸ்னிக்கே வந்த டவுட்டு!

'நிஜ மிருகங்களுக்கு நடுவுல கார்ட்டூன் பொருந்துமா?'ன்னு நாங்க பஸ்ல போட்ட சண்டை, கார்ட்டூன் உலகத்தோட பெரியண்ணன் டிஸ்னி வீட்டுலயும் ஓடிக்கிட்டு இருக்குன்னா நம்புவீங்களா? அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 1998 ஏப்ரல் 22, பூமி தினத்தன்னைக்கு 'அனிமல் கிங்டம்'னு ஒரு பார்க்கைத் திறந்தாங்க. ஜோ ரோடுங்கிறவர் தலைமையில வடிவமைச்ச இடம். ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், யானை எல்லாம் நிஜம். ஆப்பிரிக்கக் கிராமத்துச் சுவர்ல விரிசல், வெளுத்துப் போன போஸ்டர்னு, பொய்யைக் கூட நிஜம் மாதிரிக் கட்டியிருப்பாங்க. நடுவுல 145 அடி உயரத்துக்கு ஒரு செயற்கை மரம். அது மேல 300-க்கும் அதிகமான மிருகங்களோட செதுக்கல்கள்.

அந்த மரத்தோட அடியில ஒரு தியேட்டர். ஆரம்பத்துல இருந்து 2025 மார்ச் வரைக்கும் அங்கே ஓடினது ஒரு பூச்சி கார்ட்டூன் 3டி ஷோ. கரையான் ஆசிட் பீய்ச்சும், உங்க மூஞ்சில தண்ணி தெறிக்கும். நாத்தப்பூச்சி வரும், தியேட்டரே நாறும். குழந்தைங்க அலறும். 2025 நவம்பர்ல அதே இடத்துக்கு வந்தது யாரு? நம்ம ஜூட்டோபியா! பேன்ட் சட்டை போட்டு, சிட்டியில வேலை பார்க்கிற மிருகங்கள்.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போதான் எனக்கு ஒரு லைட் எரிஞ்சது. ரெண்டுமே கார்ட்டூன்தான். ஆனா முதல் ஷோ முடிஞ்சு வெளியே வர்ற பையனுக்கு, 'சில கரையான் நிஜமாவே எதிரி மேல திரவம் பீய்ச்சும்'னு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கும். ஜூட்டோபியாவைப் பார்த்தவனுக்கு முயலைப் பத்தி என்ன தெரியும்? அது முயல் வேஷத்துல வர்ற மனுஷக் கதை. நல்ல கதைதான். உருவத்தைப் பார்த்து யாரையும் எடை போடாதேன்னு சொல்ற கதை. தேவாங்குன்னு பேர் வாங்கின எனக்கு அது பிடிக்காம இருக்குமா? ஆனா அது மனுஷனுக்கான பாடம். காட்டு வாசல்ல வேற பாடம் வேணும்.

கையைத் தூக்கினா ஜாலியா?

கார்ட்டூன் கண்ணாடி போட்டுப் பார்த்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு நிஜக் கதை. 2009-ல யூடியூப்ல ஒரு வீடியோ பரவுச்சு. நம்ம தேவாங்கோட சொந்தக்காரன், தென்கிழக்கு ஆசியாவுல இருக்கிற ஸ்லோ லோரிஸ், ஒரு வீட்டுல மல்லாந்து கிடக்கு. யாரோ கிச்சுகிச்சு மூட்டுறாங்க. அது ரெண்டு கையையும் மேலே தூக்குது. 'சோ க்யூட்!'னு உலகமே உருகுச்சு.

உண்மை என்ன தெரியுமா? அதோட முழங்கைப் பக்கம் ஒரு சுரப்பி இருக்கு. அதுல ஊறுற திரவம் எச்சிலோட சேர்ந்தா விஷம். கையைத் தூக்குறது, பயந்து போய்த் தற்காப்புக்கு ரெடியாகிற போஸ். பயத்தைப் பார்த்துத்தான் நாம சிரிச்சிருக்கோம்! அந்த வீடியோவுக்கு வந்த கமென்ட்டுகளை ஆராய்ஞ்சு 2013-ல ஒரு கட்டுரை வந்துச்சு. 'எனக்கும் ஒண்ணு வேணும்'னு கேட்டவங்க ஏராளம். க்யூட்டுன்னு சொன்ன வாய், அடுத்த நிமிஷம் கூண்டு கேட்குது.

இதுல ட்விஸ்ட் என்னன்னா, அந்த ஆய்வை முன்னின்று நடத்தின விஞ்ஞானி அன்னா நெகாரிஸ், 1997-98-ல மாசக் கணக்கா ராத்திரி ராத்திரியா தேவாங்கு பின்னாடி நடந்து ஆராய்ச்சி பண்ணின இடம்... நம்ம அய்யலூர்!

வாசல்ல நிக்கட்டும்!

மறுநாள் காலையில திரும்புறப்போ, ஒரு ஊர் எல்லையில அய்யனார் கோயில் மண் குதிரைகள். முழிச்ச கண்ணு, இளிச்ச பல்லு, மனுஷனைவிட உசரம். ரூம்மேட் சிரிச்சான். "பார்த்தியா, நம்ம தாத்தாக்களும் கார்ட்டூன் பார்ட்டிதான்!"

சட்டுன்னு உறைச்சது. அந்தக் குதிரையைப் பார்த்து, 'நிஜக் குதிரை இப்படித்தான் இருக்கும்'னு எந்தக் குழந்தையும் நினைக்கிறதில்லை. அது நிக்கிறது எல்லையில. பல ஊர்ல அதுக்குப் பின்னாடி இருக்கிற கோயில் காட்டுல, சாமிக்குப் பயந்து ஒரு குச்சியைக்கூட ஒடிக்க மாட்டாங்க. பொம்மை வெளியே, காடு உள்ளே. பொம்மையோட வேலை காவல்.

ஸோ, எங்க சண்டையில ரெண்டு பேருமே பாதி ஜெயிச்சோம். தேவாங்குக்குப் பொம்மை வேணும். 'அபசகுனம்'னு அடி வாங்கின பிராணிக்கு, குழந்தைங்க மனசுல ஒரு நல்ல பேர் கிடைக்கணும். கார்ட்டூனும் ஓடட்டும். ஆனா வாசலோட நிக்கட்டும். அதுலயும் தேவாங்கு ராத்திரியில முழிக்கட்டும், எறும்பு தின்னட்டும், தாவத் தெரியாம ஒரு வெட்டின மரத்துக்கு முன்னாடி திகைச்சு நிக்கட்டும். டவுசர், கூலிங்கிளாஸ், கட்டிப்பிடி செல்ஃபி மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்!

ஹாஸ்டலுக்குள்ள நுழைஞ்சதும், "டேய் தேவாங்கு, எங்கடா போனே?"ன்னு ஒரு குரல். முன்னாடி மாதிரி சுர்ருனு ஏறலை. "சொந்தக்காரங்க வீட்டுக்கு"ன்னேன்.

நீங்க அந்தப் பக்கம் போனா...

* சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி கட்டாயம்.
* வெள்ளை டார்ச், ஃப்ளாஷ் போட்டோ ரெண்டும் வேண்டாம். சிவப்பு வெளிச்சம் போதும்.
* தொடவோ பிடிக்கவோ கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில இருக்கார் நம்மாளு!
* ராத்திரி அந்த ரோட்டுல பைக்ல போனா, கொஞ்சம் மெதுவா. குறுக்கே போறவருக்கு ஓடத் தெரியாது.