கூட்ஸ் வண்டி காத்தானின் வாசகர்கள்

எண்பதுகளின் நடுவில் கோவில்பட்டியில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காகிதத்துக்குக் குறைவிருந்ததில்லை. தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ். சிவகாசியில் அச்சான லேபிள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். நிறம் விலகிப்போன தாள்களை வெட்டாமலே ஒதுக்கிவிடுவார்கள். ஒரு பக்கம் மயிலும் கிளியும் வரிசை வரிசையாக நிற்கும். மறுபக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் நான் படக்கதை போட ஆரம்பித்தேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை எந்நேரமும் ஒரு சட்டியில் இருக்கும். இரண்டு தாள்களை எடுத்து, அச்சடித்த பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் இருபுறமும் வெள்ளையான கெட்டித் தாள் கிடைத்துவிடும். காயும்போது அது அப்பளம்போல் வளையும் என்பதால், அம்மிக் குழவியை மேலே ஏற்றி ராத்திரி முழுக்க அழுத்தி வைப்பேன். விடிந்ததும் நடுவில் மடித்து, கோணி ஊசியால் துளை போட்டு, நூல் கோத்து முடிச்சிட்டால் புத்தகம் தயார். இன்னும் ஒரு கோடு கூட விழாத அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும்போதே உள்ளே கதை ஓடத் தொடங்கிவிடும்.

படிக்கக் கிடைத்ததும் ஏராளம். 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்கள் அட்டை கிழிந்த பிறகும் கை மாறிக்கொண்டே இருந்தன. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்துகொண்டன. வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிரில் கபீஷ் குரங்கு வால் நீட்டி வித்தை காட்டும். சலூன் பெஞ்சில் தினத்தந்தி கிடக்கும். முடி வெட்டிக்கொள்ள வந்த பெரியவர்கள் கன்னித்தீவைப் படித்துவிட்டு, சிந்துபாத் லைலாவைப் பழைய உருவத்துக்கு எப்போது கொண்டுவருவான் என்று தீவிரமாகப் பேசிக்கொள்வார்கள். நாளுக்குச் சில கட்டங்கள், கடைசியில் 'தொடரும்'. அவ்வளவைக் கொண்டே ஒரு ஊரை மறுநாள் வரை காத்திருக்க வைக்க முடியும் என்று அங்கேதான் கண்டுகொண்டேன்.

பார்த்து வரைந்ததே என் முதல் படிப்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மாயாவியின் உடல் மறைந்து, விரல் மடங்கிய அந்த உலோகக் கை மட்டும் காற்றில் நிற்குமே, அதைப் பக்கம் பக்கமாக வரைந்து பழகினேன். எதை வரையாமல் விட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அந்தக் கைதான். வெறுங்கட்டத்தில் ஒரு கையை மட்டும் போட்டால், மிச்ச ஆளைப் படிக்கிறவன் தன் மனசுக்குள் வரைந்துகொள்கிறான். அந்தக் கோடுகளைப் போட்டவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதும், 1962-இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் அந்தக் கதை தொடங்கியது என்பதும் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. முகத்துக்கு வேறு வாத்தியார். எங்கள் ஊரில் வாழ்ந்து 1976-இல் மறைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள், சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின. அவற்றின் கண்ணையும் புருவத்தையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஆகவே என் கதைகளில் கை ஸ்பெயினிலிருந்து வந்தது. முகம் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது.

தொடக்கக் கதைகளின் நாயகன் நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட துப்பறிவாளன். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, இந்தாளு எந்த ஊருக்காரரு? நம்ம வெயில்ல கோட்டு போட்டா வேர்த்து ஊத்தும்லா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் கேலி துளியும் இல்லை. நிஜமாகவே அந்த ஆளின் ஊரைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். இரண்டு நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதிலிருந்து பிறந்தவன்தான் கூட்ஸ் வண்டி காத்தான். அரைக்கால் சட்டை போட்ட பையன். நிலக்கரி எஞ்சின் இழுத்துப் போகும் கூட்ஸ் வண்டியின் கார்டு பெட்டியில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். சாத்தூர் சேவுக் கடையில் அவனுக்குத் துப்புக் கிடைக்கும். கடம்பூர் போளிப் பொட்டலத்துக்குள் ரகசியக் கடிதம் இருக்கும். மணியாச்சி ஜங்ஷனில் வில்லன் வண்டி மாறித் தப்பப் பார்ப்பான். கண்ணால் கண்ட ரயிலடியையும் பருத்தி மூட்டையையும் வரைந்தபோது கை தயங்கவே இல்லை.

ஒரு கதைக்கு ஒரே பிரதிதான். படிக்க ஒரு ராத்திரி தவணை. காசு கிடையாது, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வெள்ளைத் தாளோ, ஒரு பேனா ரீஃபிலோ தர வேண்டும். அடுத்த கதைக்கான சாமான் இப்படி வாசகர்களிடமிருந்தே வந்துவிடும். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு, மேலே 'வாசகர் கடிதம்' என்று எழுதிவைப்பேன். பையன்கள் அதில் மனசுவிட்டு எழுதினார்கள். காத்தானுக்கு ஒரு நாய் வேண்டும் என்றான் ஒருவன். அடுத்த கதையில் நாய் வந்தது. கீழே இருந்த பேச்சைத்தான் கண் முதலில் படிக்கிறது, திருடன் யாரென்று முன்கூட்டியே தெரிந்துபோகிறது என்றான் இன்னொருவன். அன்று முதல் வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றி பலூன் போட்டு, மிச்ச இடத்தில் ஆளை வரையும் வழக்கத்துக்கு வந்தேன். இன்றும் அப்படித்தான் வரைகிறேன்.

அம்மாவோடு பெட்டி ஒட்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். கையெல்லாம் பசை, புத்தகத்தைத் தொட முடியாது. நான் எதிரே உட்கார்ந்து விரித்துப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சொல்லும்போது பக்கத்தைத் திருப்புவேன். அவர்களில் ஓர் ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. ஒருநாள் நான் வாசிக்கப் போனபோது, "நீ வாயத் தொறக்காத, நானே சொல்லுதேன்" என்று படத்தைப் பார்த்தே கதை சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுதியிருந்த கதையில் காத்தான் வீட்டைவிட்டு வெளியேறியது வீரச் செயல் புரிவதற்காக. ஆச்சி சொன்ன கதையில், ஊர்விட்டுப் போன அப்பனைத் தேடி அவன் போகிறான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவன் இறங்கி நிற்கிற படத்தைக் காட்டி, "பாரு, புள்ள எப்படித் தேடுதான்" என்றாள். ஒட்டுகிற கைகள் நின்றுவிட்டன. நான் வரைந்த அதே கட்டங்களில், எனக்குத் தெரியாத ஒரு துக்கம் இருந்தது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விடுகிற வெள்ளை இடத்தில் ஆச்சி தன் வாழ்க்கையை வைத்திருந்தாள். அடுத்த கதையில் காத்தானுக்கு அப்பாவைத் தேடும் வேலையைக் கொடுத்தேன். அதன் பிறகுதான் என் கதைகள் கதைகளாயின.

கேட்பவர்கள் பெருகியதும் ஒரு பிரதி போதவில்லை. கார்பன் தாள் வைத்து அழுத்தி வரைந்தால் இரண்டாம் பிரதி மங்கலாக வரும். மூன்றாவதில் காத்தான் இருக்கும் இடமே தெரியாது. பஜாரில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின் இருந்தது. அங்கிருந்த மாஸ்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு முனைப் பேனாவால் கீறினால், கோடு விழுந்த இடத்தில் மெழுகு விலகும். உருளையைச் சுற்றும்போது அந்த வழியாக மை இறங்கித் தாளில் பதியும். இருட்டைக் காட்டப் பட்டையாகக் கருப்படிக்க அதில் வழியில்லை, தாள் கிழிந்துவிடும். ராத்திரியை வெறும் கோடுகளால் உணர்த்த வேண்டும். "கம்மியாப் போடு தம்பி, ஆனா உறுதியாப் போடு" என்றார் மாஸ்டர். ஈர மை வாசனையோடு ஒரே மாதிரிப் பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தபோது, எனக்கு முகம் தெரியாதவர்களும் காத்தானைப் படிக்கப்போகிறார்கள் என்று நெஞ்சு படபடத்தது. அந்தப் பிரதிகள் சாத்தூர் வரை போயின.

பிற்பாடு எத்தனையோ பத்திரிகைகளுக்கு வரைந்துவிட்டேன். வரையும்போது மனசில் வந்து உட்காருகிறவர்கள் அந்தத் திண்ணைக்காரர்கள்தான். வெயிலில் எதற்குக் கோட்டு என்று கேட்ட அக்காவும், நாய் கேட்ட பையனும், தன் கதையை என் படத்தில் வைத்த ஆச்சியும் சேர்ந்து என்னை வரைகிறவனாக்கினார்கள். அவர்களில் ஒருவர்கூட எனக்குப் பரிசு கொடுத்ததில்லை, பெரிய ஓவியனாக வருவாய் என்று வாழ்த்தியதுமில்லை. உட்கார்ந்து முழுசாகப் படித்தார்கள், மனசில் பட்டதைச் சொன்னார்கள், அடுத்ததைக் கேட்டார்கள்.

இப்போது பிள்ளைகளுக்கு நல்ல தாள் இருக்கிறது, விதவிதமான பேனா இருக்கிறது, தொடுதிரையில் வரையும் வசதியும் இருக்கிறது. போட்டிகளும் சான்றிதழ்களும் நிறைய. அவர்கள் ஒட்டித் தைத்த புத்தகத்தைப் பொறுமையாகப் படிக்கிற ஆட்கள்தான் குறைந்துபோனார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை நாலு கட்டம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினால், கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை படியுங்கள். புரியாத இடத்தைக் கேளுங்கள். பிறகு, "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பதிலை யோசிக்க அந்தப் பிள்ளை அடுத்த தாளைத் தேடி ஓடும்.