அசாயே ரோடும் அல்சூர் வள்ளுவரும்

லண்டன் பார்த்துவிட்டு வந்தவரை பெங்களூரில் எங்கே அழைத்துப்போவது? "உங்கள் கண்டோன்மென்ட் ஒரு குட்டி ஐரோப்பாவாமே, அதைக் காட்டுங்கள்" என்று அவரே வழி சொல்லிவிட்டார். மொத்தம் நான்கு பேர். இரண்டு வாரச் சுற்றுலாவில் 'லண்டன்காரர்' பட்டம் வாங்கிய நண்பர், திருச்சியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அல்சூரில் பிறந்து வளர்ந்து 1992-ல் சேலத்துக்குக் குடிபெயர்ந்த என் பள்ளித் தோழன், பிறந்ததிலிருந்து காக்ஸ் டவுனை விட்டு நகராத நான். சேலத்துக்காரன் அதன்பிறகு கல்யாணம், சாவு என்று தலைகாட்டியிருக்கிறானே தவிர, ஊரைச் சுற்றிப்பார்க்க ஒருநாளும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கப்பன் பூங்கா பக்கம் வக்கீல் கூட்டம் இல்லை. 1868-ல் கட்டி முடித்த அட்டாரா கச்சேரி, இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றம், சிவப்பாக நீண்டு நின்றது. தூண்களைப் பார்த்ததும் லண்டன்காரருக்குப் பரவசம். "அப்படியே அங்கே இருக்கிற மாதிரி!" இதைக் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்றேன். 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியவரும் அவர்தான். அதன் வழி வந்த ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளிகளின் பெயரில் இன்றும் இருக்கிறார். அந்த ஐந்து எழுத்துக்குள் ஒரு ஆற்காட்டுக்காரர் ஒளிந்திருப்பது பெங்களூரில் பலருக்கே தெரியாது.

சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. கூரான கோபுரம், குவிந்த வளைவுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் அசல் கோதிக் பாணி. 1882-ல் அர்ச்சிக்கப்பட்டு, 1974-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற கோயில். ஆனால் உள்ளே இருக்கும் மாதா புடவை கட்டியிருக்கிறாள். இந்த இடத்தின் பழைய பெயர் பிளாக்பள்ளி. செஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளை அரிசி பயிரிட்ட ஊர். கன்னடத்தில் 'பிளி அக்கி' என்றால் வெள்ளை அரிசி. அதுதான் வெள்ளைக்காரன் வாயில் 'பிளாக்' ஆனது என்பார்கள். வெள்ளை கறுப்பான கதை! 1803-ல் ஆபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே கூரை வேய்ந்த ஒரு சிறு ஆலயம் கட்டினார். பெயர் காணிக்கை மாதா. பாரிஸில் நாத்ர தாம் பார்த்தபோது வரிசையில் நின்றதுதான் நினைவிருக்கிறது என்று சொன்ன லண்டன்காரர், இங்கே ஒரு பாட்டியிடம் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினார். திருச்சிக்காரர் மட்டும், செப்டம்பர் 8 திருவிழாவுக்குத் தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

எதிரே ரஸ்ஸல் மார்க்கெட். 1927-ல் கட்டியது, 2012-ல் தீப்பிடித்து எரிந்து மீண்டது. நெரிசலில் பர்ஸைப் பிடித்துக்கொண்டே கடந்தோம். 

அல்சூர் ஏரிக்கரைக்குப் போனபோது சேலத்துக்காரன் பேச்சு குறைந்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருக்கிறார் திருவள்ளுவர். பெங்களூர் தமிழ்ச் சங்கம் 1991-ல் வைத்த சிலை. திறக்க முடியாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ல் எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரண்டு அடிக்காரருக்குப் பதில் மூன்று அடிக்காரர். அரசியல் கணக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. இருந்தாலும் நல்ல கணக்கு என்பதே என் அபிப்பிராயம்.

சேலத்துக்காரன் சிலையை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறான். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூர் பற்றியெரிந்தது. அவன் அப்பாவின் பெட்டிக்கடையை உடைத்தார்கள். அடுத்த நாள் சைக்கிளில் வந்தவனை நாலைந்து இளைஞர்கள் மறித்து, "நிம்ம ஊரு யாவுது?" என்று கேட்டிருக்கிறார்கள். "இதே ஊரு" என்றான். கன்னடத்திலும் அது அப்படித்தான். நம்பவில்லை, சைக்கிள் போனது, முதுகில் இரண்டு அடி. அன்றிரவு அவர்கள் குடும்பத்தை வீட்டுக்குள் வைத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள். பொங்கல் கழிந்ததும் அவன் அப்பா லாரி பிடித்துவிட்டார். இதையெல்லாம் அவன் எங்களிடம் சொன்னது ஏரியைப் பார்த்துக்கொண்டேதான். "அடிச்சது வலிக்கலடா. பதில் சொன்னதை நம்பலை பாரு, அதான்" என்றான்.

பேச்சை மாற்ற நான் அசாயே ரோட்டைப் பிடித்தேன். லண்டனில் வெலிங்டன் வளைவின் முன்னால் நின்று லண்டன்காரர் எடுத்துக்கொண்ட படம் எங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அந்த வெலிங்டன், வாட்டர்லூவுக்கு 12 வருடம் முன்பு, ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் 1803 செப்டம்பர் 23-ல் மராத்தியரோடு மோதிய இடம் அசாயே. பிற்காலத்தில் அவர் தன்னுடைய சிறந்த போர் என்று சொன்னது வாட்டர்லூவை அல்ல, இதைத்தான். அவருடன் நின்றதில் மதராஸ் படையினரும் உண்டு. அவர்கள் வழிவந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இதே ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த வீரர்களுக்கு ராணுவத்தில் இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த படை 1809-ல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பின்னாலேயே கொத்தனார், தையல்காரர், சமையல்காரர், கடைக்காரர் என்று தமிழ் மாவட்டங்களிலிருந்து சனம் வந்து சேர்ந்தது. "அப்போ வளைவு அங்கே, ஆளுங்க இங்கேயா?" என்றார் லண்டன்காரர். அன்று அவர் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம்.

1898 பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்க உண்டாக்கிய பேட்டைகளில் ஒன்று ஃப்ரேசர் டவுன், 1910-ல் தொடங்கியது. இப்போது அரசாங்கப் பலகையில் புலிகேசி நகர். 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்தவர்கள் புலிகேசி பெயரில் ரேஷன் கார்டு வைத்திருப்பது எங்கள் பக்கத்து வேடிக்கை. கலெக்டராக இருந்த ஏ.ஆர்.காக்ஸ் பெயரில் அமைந்த எங்கள் காக்ஸ் டவுனுக்கு சர்வக்ஞ நகர் என்று பெயர். அயனாவரத்தில் சிலையாக இருப்பவர் இங்கே பேட்டையாக இருக்கிறார். ஆட்டோக்காரரிடம் சர்வக்ஞ நகர் என்றால் "எங்கே?" என்பார், காக்ஸ் டவுன் என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார்.

ஜன்னலுக்கு மேலே கூரான மரத்தொப்பி போட்ட பங்களாக்களைக் காட்டலாம் என்று தெருத் தெருவாக நடத்தினேன். 'மங்கி டாப்' என்பார்கள். நான் சிறுவனாக எண்ணித் திரிந்தவற்றில் பாதிக்கு மேல் அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. மிஞ்சியிருந்த ஒன்றின் வாசலில் நின்று நால்வரும் படம் எடுத்துக்கொண்டோம். உள்ளிருந்து நாய் குரைத்தது.

சாயங்காலம் காக்ஸ் டவுன் மார்க்கெட். பூக்கார அம்மாள் முன்னால் நின்ற பெண்ணிடம் கன்னடத்தில் விலை சொல்லி, அடுத்தவரிடம் உருதுவில் சொல்லி, எங்களிடம் தமிழுக்கு மாறினார். மூன்று மொழியிலும் ஒரே விலை; பேரம் எந்த மொழியிலும் இல்லை. சேலத்துக்காரன் வீட்டுக்கு இரண்டு முழம் மல்லிகை கேட்டான். அவர் முழம் போடும்போது, வழக்கமாக எல்லோரும் கேட்பதுபோல, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றான்.

அவர் நிமிரவில்லை. "இதே ஊரு" என்றார். தமிழில் சொன்னாரா, கன்னடத்திலா என்று தெரியவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "இன்னும் ரெண்டு முழம் போடும்மா" என்றான்.