சராசரிகளின் சராசரி

டெல்லியின் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையத் தரவு பதினைந்து நிமிட இடைவெளியில் கிடைக்கிறது. நிலையம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 35,040 வரிசைகள். ஐந்தாண்டுத் தரவை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றியபோது மடிக்கணினி திணறியது. நிலையத்தின் நீண்ட பெயர் ஒவ்வொரு வரிசையிலும் எழுத்தாகவே கிடந்தது. அதை எண் குறியீடாக மாற்றியதும் சுமை வெகுவாகக் குறைந்தது. (இந்த எளிய வேலைக்கு நான் எடுத்துக்கொண்ட காலத்தை நெறியாளர் அறியமாட்டார்.)

ஆசை அத்துடன் அடங்கவில்லை. மணிநேரச் சராசரிகளை முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டு மூலத்தரவை ஒதுக்கினேன். வினவல்கள் நொடியில் முடிந்தன. இயலையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. கருவி பழுதான மணியில் 400 என்று ஒரே ஓர் அளவு. அடுத்த மணியில் 100 என்று நான்கு. சராசரிகளின் சராசரி 250. ஐந்து அளவுகளின் சராசரி 160. எது சரி என்று வாதிடலாம். ஒற்றை அளவை நம்பாமல் அந்த மணியையே நீக்கிவிடலாம் என்றும் வாதிடலாம். ஆனால் எத்தனை அளவுகள் என்ற எண்ணிக்கையையே தொலைத்துவிட்ட என்னால் எந்த வாதத்துக்கும் விடை சொல்ல இயலாது.

இப்போது சராசரிக்குப் பதில் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனி நிரல்களாக வைத்திருக்கிறேன். வேகம் ஏறக்குறைய அதேதான். இயலைத் திருப்பித் தருமாறு நேற்றிரவு நெறியாளருக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.