பறக்கும் பிரதி

பிரதி என்றாலே நமக்கு ஓர் இளக்காரம் உண்டு. அசலைப் பறிகொடுத்தவன் அதே ஜாடையில் ஒன்றைச் செய்துவைத்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறான் என்று சொல்லிவிடுவோம். எல்லாப் பிரதிகளையும் அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

1914-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, ஆஸ்திரேலியாவில் பாயிண்ட் குக் என்னும் மைதானத்திலிருந்து எரிக் ஹாரிசன் என்ற அதிகாரி ஓர் இரட்டைச் சிறகு விமானத்தில் கிளம்பினார். அந்நாட்டு ராணுவம் முதன்முதலாக ஆகாயத்தில் ஏறியது அன்றுதான். விமானத்தின் பெயர் பிரிஸ்டல் பாக்ஸ்கைட். அதாவது, பெட்டிப் பட்டம். அதன் நூற்றாண்டுக்காக அதே மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்டி, 2013-இல் பாயிண்ட் குக்கிலேயே பறக்கவிட்டார்கள்.

பெயருக்கேற்ற பிராணிதான் அது. மரச் சட்டம், துணி, கம்பி. விமானிக்கு அறை என்று ஒன்று கிடையாது. கீழ்ச் சிறகின் முன்புறம் ஓர் ஆசனம். முதுகுக்குப் பின்னால் 50 குதிரைச் சக்தி எஞ்சின். வேகம், மணிக்குச் சுமார் 40 மைல். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கச் சிறகோரத்தில் மடல்கள் உண்டு. அவற்றைக் கீழே இழுக்கத்தான் கம்பி. மேலே தூக்குவது காற்றின் பொறுப்பு. தரையில் நிற்கும்போது நனைந்த வேட்டிபோல் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதை நம்பி 1914 ஆகஸ்டில் நாலு பேர் பறக்கக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஒருவர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். பிற்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப் படைக்கே தலைவரானார். இன்னொருவர் ஜார்ஜ் மெர்ஸ், வைத்தியம் படித்தவர். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1915 ஜூலையில், மெசபடோமியாவில் அவர் சென்ற காட்ரான் விமானத்தின் எஞ்சின் பழுதாகி, பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. அங்கே கொல்லப்பட்டார்.

படத்தைப் பார்த்தால் இந்தப் பாக்ஸ்கைட் வேடிக்கைப் பொருளாகத்தான் தெரியும். அது தரையை விட்டுக் கிளம்பி, ஒரு சிறு காற்றுக்கும் தள்ளாடும்போதுதான், அந்த நாலு பேரும் எதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள் என்பது புரியும். பழைய தேர் உளுத்துப்போனால் நாமும் புதிதாகச் செய்கிறோம். வடம் பிடித்து நாலு வீதியும் இழுத்து வந்த பிறகு, அதைப் பிரதி என்று யார் சொல்கிறார்கள்? நிலையை விட்டு நகராவிட்டால்தான் அது வெறும் மரம்.

ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். விளக்கெண்ணெய் குடித்து ஓடிய பழைய நோம் எஞ்சின் இதில் இல்லை. இக்காலத்து எஞ்சின் இருக்கிறது. அசலின் மணம் போயிற்றே என்று சிலர் குறைப்படக்கூடும். எனக்குக் குறையில்லை. மெர்ஸின் உயிருக்கு உலை வைத்தது பாதி வழியில் கைவிட்ட எஞ்சின். அதைப் பிரதி எடுக்காமல் விட்டதும் ஒரு மரியாதைதான்.