கரை யாருக்குச் சொந்தம்?

விடுமுறை என்றாலே எனக்குப் பெரியம்மா வீடுதான். செங்கல்பட்டில் பேருந்து ஏறி, திருப்போரூரில் மாறி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ச் சேர்ந்தால் உப்புக் காற்று முகத்தில் வந்து மோதும். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் பெரியப்பாவின் குப்பம்.

சென்ற ஆண்டு பெரிய வெள்ளிக்கு மறுநாள் நான் அங்கே போனபோது வீட்டு வாசலில், வலைக் குவியலுக்குப் பக்கத்தில், இரண்டு விசித்திரமான வண்டிகள் நின்றன. பருத்த சக்கரங்கள் நான்கு. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதைப் போன்ற கைப்பிடி. 'ஏ.டி.வி.' என்று பெயராம். மணல், சேறு, மேடு, பள்ளம் எதுவானாலும் ஏறி இறங்குமாம். பெரியம்மாவின் மகன், என் அண்ணன், கடன் வாங்கி அவற்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் பட்டணத்துப் பிள்ளைகள், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கரையில் ஓட்டுவார்கள். மீன்பாடு குறைந்த நாள்களில் அந்த வருமானம்தான் வீட்டில் அடுப்பெரியச் செய்தது.

"ஓட்டிப் பார்க்கிறியா, பாப்பா?" என்று அண்ணன் கேட்டார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? அன்று மாலை என் உள்ளம் துள்ளிய துள்ளலை இன்றும் மறக்க முடியவில்லை. மணல்மேட்டின் மேல் ஏறி, மறுபக்கம் சறுக்கி இறங்கினேன். அடப்பங்கொடியின் ஊதாப் பூக்களை நசுக்கிக்கொண்டு போனேன். நான் ஓட்டியதைக் காட்ட வேண்டும் என்று மணலில் பெரிய எட்டு ஒன்றையும் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று நள்ளிரவு கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் பாஸ்கா திருவிழிப்பு. திருப்பலி முடிந்து கரையோரமாகவே வீடு திரும்பினோம். உயிர்ப்புப் பெருவிழா பௌர்ணமிக்குப் பின்னரே வருமாதலால், தேய்பிறை நிலவு கடலுக்கு மேலே எழுந்து நின்றது. முன்னால் நடந்த பெரியப்பா சட்டென்று நின்று, "டார்ச்சை அணை" என்றார். குனிந்து பார்த்தேன். தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஏதோ அசைந்தது. அருகில் இன்னொன்று, பிறகு பத்து, இருபது. ஆமைக் குஞ்சுகள்!

அவை பங்குனி ஆமையின் குஞ்சுகள். ஜனவரி முதல் மார்ச் வரை தாய் ஆமைகள் இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மணலின் சூட்டிலேயே 45 முதல் 60 நாள்களில் குஞ்சு பொரிக்கும். கடற்பரப்பின் வெளிச்சத்தை நோக்கி அவை தாமாகவே ஊர்ந்து போகும். முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகங்களில் வைத்துக் காப்பவர்களின் கண்ணுக்கு இந்தக் குழி மட்டும் தப்பியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் குஞ்சுகள் கடலை நோக்கிப் போகவில்லை. நான்கு விரல் ஆழமுள்ள ஒரு பள்ளத்தில் விழுந்து, சுவர் ஏற முடியாமல், அதன் வழியே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பள்ளம் வளைந்த இடத்தில் அவையும் வளைந்தன. தொடங்கிய இடத்திற்கே திரும்பி வந்தன. இரண்டு குஞ்சுகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துக்கொண்டிருந்தன. அந்தப் பள்ளம் எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் போட்ட எட்டு!

பெரியப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலால் பள்ளத்தின் விளிம்பைத் தள்ளிச் சமன் செய்தார். நான் ஒரு குஞ்சைக் கையில் எடுக்கப் போனேன். "தூக்காதே, அதுவே நடக்கட்டும். தடையை மட்டும் எடு" என்றார். மண்டியிட்டு, புதுப் பாவாடையெல்லாம் மணலாக, என் எட்டை நானே அழித்தேன். முப்பதுக்கு மேல் எண்ணினேன். கடைசிக் குஞ்சு அலையில் மறைந்தபோது கீழ்வானம் வெளுத்துவிட்டது.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "கரை பட்டா நிலமா என்ன? புறம்போக்கு. எல்லாருக்கும் சொந்தம். படகு இழுக்க அப்பாவோட டிராக்டர் ஓடலையா? கேரளாவில் முழப்பிலங்காட்டுக் கரையில் நாலு கிலோமீட்டர் காரே ஓட்டறாங்க. 2025 ஜனவரியில் இந்தக் கரையெல்லாம் நூற்றுக்கணக்கான ஆமை செத்து ஒதுங்கிச்சே, அது என் வண்டியாலா? இழுவை வலையால்!" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்ன எதுவும் பொய்யுமல்ல.

அந்தக் கேள்விகளோடுதான் பள்ளிக்குத் திரும்பினேன். நூலகத்தில் சகோதரி தேடித் தந்தவற்றைப் படித்தேன். 1991ஆம் ஆண்டில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை முதன்முதலாக வெளியிட்டது. 2011இலும் 2019இலும் அது புதிதாக்கப்பட்டது. மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் தனிக் கவனத்துடன் காக்க வேண்டும் என்கிறது அது. 2021இல் நம் கோவளம் கடற்கரையின் ஒரு பகுதிக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அனுமதியில்லாத வண்டிகளைக் கரையில் விடக்கூடாது என்பது அந்தக் கொடிக்குரிய விதிகளில் ஒன்று. கொடி பறக்கும் இடம் தாண்டினால் மணல் வேறா, ஆமை வேறா?

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் பெருகியபோது, 1972இல் குடியரசுத் தலைவர் நிக்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக் கூடாது என்று நிலத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றது அது. கேடு விளையும் இடத்தை உடனே மூட வேண்டும் என்று 1977இல் கார்ட்டர் அதைக் கடுமையாக்கினார். புளோரிடா மாநிலத்தின் டேட்டோனா கடற்கரை கார் ஓட்டுவதற்குப் பெயர்போனது. 1995இல் அங்கே இரண்டு பெண்கள் கடலாமையின் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார்கள்! இன்றும் அங்கே பகலில் கார் ஓடுகிறது; ஆனால் இரவில் ஓடுவதில்லை, மணல்மேட்டின் அடிவாரத்திலும் ஓடுவதில்லை.

இவற்றைப் படித்தபின் 'புறம்போக்கு' என்ற சொல்லே எனக்கு வேறாகத் தெரிந்தது. வரி விதிக்கப்படாமல், ஊர்ப் பொதுவுக்கென்று விடப்பட்ட நிலம் அது. யாருக்கும் சொந்தமில்லை என்று பொருளல்ல. எல்லாருக்கும் சொந்தம் என்று பொருள். அப்படியானால் அந்த 'எல்லாரும்' யார்? பெரியப்பாவின் படகுக்கு வேறு கரை இல்லை. அவருடைய டிராக்டர் நேராகக் கடலில் இறங்கி, வந்த தடத்திலேயே திரும்பும். ஆமைக்கும் வேறு கரை இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அது முட்டையிட இந்த மணலைத்தான் தேடி வருகிறது. என் எட்டுக்கோ ஆயிரம் இடம் உண்டு. வேறு போக்கிடம் இல்லாதவருக்கே முதல் உரிமை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

கோடை விடுமுறையில் அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "கடன் தவணையை ஆமையா கட்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. மூன்றாம் நாள் பெரியப்பாதான் வழி சொன்னார். சாலையோரச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் தெரிந்தவர் ஒருவரின் பட்டா நிலம் சும்மா கிடந்தது. இப்போது அண்ணன் அங்கே வாடகை கொடுத்து, டயர்களை நட்டுச் சுற்றுப்பாதை அமைத்து வண்டி விடுகிறார். கடல் தெரியாததால் கூட்டம் குறைவு, வருமானமும் குறைவுதான். அடுத்த குப்பத்து வண்டிகள் இன்னமும் கரையில் ஓடுகின்றன. அண்ணன் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். நன்மை செய்ய ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையை என் அண்ணன் கொடுக்கிறார், நானல்ல.

தோழியரே! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொதுவான இல்லம் என்று அழைத்தார். பொது இல்லத்தில் நடப்பவர், கீழே யார் உறங்குகிறார்கள் என்று பார்த்து நடக்க வேண்டாமா? நீங்கள் மாமல்லபுரத்துக்கோ கோவளத்துக்கோ சுற்றுலா போகும்போது, கரையில் வண்டி ஓட்ட யாராவது அழைத்தால், ஒரு நிமிடம் மணலைப் பாருங்கள். அதற்கடியில் நூறு உயிர்கள் தங்கள் உயிர்ப்பு நாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். அவற்றின் கல்லறை வாயிலில் நாம் கல்லை உருட்டி வைக்க வேண்டாம்.